ஏறிய துறை வேறு, பிறந்த ஊர் வேறு: அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பூர்வீகம் தேடும் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட முடிவதில்லை. "அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உண்மையில் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்க்கிறேன்" என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடும், அதற்குப் பின்னால் இன்னொன்று. வீட்டிலும் விடுதியிலும் துறைக் கருத்தரங்கிலும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். இதில் ஆராய என்ன இருக்கிறது?

இதை முதலில் கேட்டது அம்மா. "உங்க ஊர் எது என்று கேட்டால் ஆசியா என்று சொல்வியா?" என்று திருப்பிக் கேட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் கண்டம் அது. அதிலிருந்து பிடுங்கப்பட்ட ஒருவரை வெறும் 'ஆப்பிரிக்கர்' என்று சொல்வதில் ஒரு தகவலும் இல்லை.

இதுவரை நன்றாகத் தெரிந்த பகுதி கடல். ஸ்லேவ் வாயேஜஸ் என்ற தரவுத்தளத்தில் 36,000 கப்பல் பயணங்கள் இருக்கின்றன. அதை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 1866 வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பல் ஏற்றப்பட்டார்கள். உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம் அளவில். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் காங்கோ, அங்கோலா கரையிலிருந்து போனவர்கள். பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சத்துக்கு மேல். அடிமை முறை என்றாலே நாம் நினைக்கும் அமெரிக்காவுக்கு நேராகப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை.

கடற்கரை வரைக்கும் கணக்கு இருக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் என்ன என்பதுதான் என் ஆய்வு.

கப்பல் எங்கே புறப்பட்டது என்று தெரிந்தால் ஊரும் தெரிந்துவிடாதா?

தெரியாது. சாமுவேல் அஜாயி கிரவுதரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நைஜீரியாவில் ஓசோகுன் என்ற ஊர். 1821இல் ஒரு காலை ஊரைச் சூழ்ந்த படை, சிறுவனாக இருந்த அவரைத் தாயோடு பிடித்துக்கொண்டு போனது. பிறகு கை மாறிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவரைக் கொடுத்து ஒரு குதிரையை வாங்கினார்கள். அந்தப் பேரம் சரிப்படாமல் திரும்ப அனுப்பினார்கள். இப்படியே ஓராண்டுக்கு மேல் அலைந்து லாகோஸ் கரைக்கு வந்து, 1822 ஏப்ரலில் ஒரு போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டார். அதை பிரிட்டிஷ் கடற்படை மறித்துப் பிடித்ததால் சியரா லியோனில் விடுதலையாகி இறங்கினார். பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர் ஆனார். தாயைத் திரும்பப் பார்த்தது 1846இல்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது அவரே பிற்பாடு எழுதி வைத்ததால். கப்பல் கணக்கில் அவர் லாகோஸில் ஏற்றப்பட்ட ஒரு தலை, அவ்வளவுதான். அந்தக் கப்பல் பிடிபடாமல் போயிருந்தால் ஓசோகுன் என்ற பெயர் எந்தத் தாளிலும் ஏறியிருக்காது.

ஆவணங்களில் 'காங்கோ', 'மினா', 'கொரமாண்டி' என்றெல்லாம் இனப்பெயர் இருக்கிறதே. அதுவே விடை ஆகாதா?

நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு, ஸ்பானிய நோட்டரிகள் எழுதிய பத்திரங்களில் இந்த மாதிரிப் பெயர்கள் நிறையக் கிடைக்கின்றன. வரலாற்றாசிரியர் க்வென்டலின் மிட்லோ ஹால் ஒரு நீதிமன்ற ஆவண அறையில் தொடங்கி, பல ஆண்டுகள் உழைத்து, லூசியானாவில் அடிமைப்படுத்தப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேரின் விவரங்களைத் தரவாக்கினார். பெரிய வேலை. ஆனால் அந்தப் பெயர்களை யார் வைத்தது என்று கேட்க ஆரம்பித்தால் தரை ஆடும்.

'மினா' என்பது இன்றைய கானாவில் உள்ள எல்மினா கோட்டையிலிருந்து வந்த பெயர். பிரேசிலில் மினா என்று எழுதப்பட்டவர்களில் மிகப் பலர் அந்தக் கோட்டைக்கு வெகு கிழக்கே, இன்றைய பெனின் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எல்மினாவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 'பம்பாரா' சில இடங்களில் ஒரு மக்களின் பெயர், சில இடங்களில் 'உள்நாட்டிலிருந்து பிடித்து வந்தவன்' என்ற அளவுக்கு மேல் பொருள் இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். நைஜீரியா, பெனின் பக்கம் இன்று நாம் யோருபா என்று சொல்லும் ஒரே மக்களுக்கு பிரேசிலில் நாகோ, கியூபாவில் லுகுமி, சியரா லியோனில் அகு என்று பெயர். அகு எப்படி வந்தது தெரியுமா? அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் வாழ்த்துகளில் 'எ கு' என்று திரும்பத் திரும்ப வரும். கேட்டவர்கள் அதையே இனப்பெயர் ஆக்கிவிட்டார்கள். நம்மைப் பார்த்து 'வணக்கம் சாதி' என்று பதிவேட்டில் எழுதினது மாதிரி.

கொரமாண்டி கதையில் நான் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தேன். ஜமைக்கா ஆவணங்களில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் சோழமண்டலக் கரைதான் நினைவுக்கு வந்தது. நமக்கு கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பழக்கம் அப்படி. தமிழர்களை ஜமைக்காவுக்குக் கொண்டுபோன சான்று கையில் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். அது கானா கரையில் உள்ள கோர்மன்டின் கோட்டையிலிருந்து வந்த பெயர். அகான் மொழிகள் பேசியவர்களைக் குறித்தது. நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் ஆய்வுக் கைடு சிரித்தார்.

அப்படியானால் எதை நம்பித்தான் ஆய்வு செய்கிறீர்கள்?

ஃப்ரீடவுன் பதிவேடுகளை. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதன்பின் அதன் கடற்படை மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கப்பல்களை மறித்து, பிடித்தவற்றை சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குக் கொண்டுவந்தது. அங்கே நீதிமன்றம். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, வயது, அடி அங்குலத்தில் உயரம், உடம்பில் உள்ள அடையாளம். கியூபாவின் ஹவானாவிலும் இதுபோல ஒரு நீதிமன்றம் இருந்தது. இரண்டு இடத்துப் பதிவேடுகளையும் சேர்த்து ஆஃப்ரிக்கன் ஆரிஜின்ஸ் என்ற திட்டத்தில் 91,491 பேரின் விவரம் தொகுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் வணிகத்தின் கடைசிக் காலத்தவர்கள் மட்டும். இருந்தாலும் எனக்கு இது முக்கியம், ஏனென்றால் இங்கேதான் எசமான் வைத்த 'பீட்டர்', 'பெலிண்டா' இல்லாமல் வீட்டில் வைத்த பெயர் இருக்கிறது. வயது எழுத்தர் கண்ணளவில் போட்டது. இனப்பெயர் யாரோ ஒட்டியது. பெயர் ஒன்றுதான் அந்த ஆள் வாயைத் திறந்து சொன்னது.

பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஊர் என்றால் கஷ்டம். மொழி என்றால் பல நேரம் முடியும்.

முதல் தடை எழுத்துக்கூட்டல். ஒரு குழந்தை பெயரைச் சொல்கிறது. முன்பே விடுதலையான ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்கிறார். ஆங்கில எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதுகிறார். இது நமக்குப் புதிதில்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் விங்கடஸாலோம் என்று குடும்பப்பெயர் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் புரியாது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: வேங்கடாசலம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன யாரோ ஒருவரின் பெயர், பிரெஞ்சு எழுத்தர் காது வழியாக வந்தது. ஃப்ரீடவுன் பதிவேட்டையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது, வாய்விட்டு. எனக்குத் தமிழ்க் காது, அது போதாது. அதனால்தான் அந்தத் திட்டத்தில் பெயர்களை ஒலிக்கச்செய்து, அந்தந்த மொழிக்காரர்களையே "இது உங்கள் பெயரா?" என்று கேட்டார்கள்.

அடையாளம் தெரிந்துவிட்டால் பெயர் நிறையப் பேசும். அஜாயி என்றால் குப்புறப் பிறந்த யோருபாக் குழந்தை. தைவோ, கெஹிண்டே என்றால் இரட்டையரில் முதலாவது, இரண்டாவது. நைஜீரியாவின் இக்போ மக்களுக்கு வாரம் நாலு நாள். ஒவ்வொன்றும் ஒரு சந்தை நாள். அஃபோ நாளில் பிறந்த பையன் ஒகாஃபோர், எகே நாளில் பிறந்தவன் ஒகேகே. நாம் நட்சத்திரம் பார்த்து முதலெழுத்து வைப்பது போல அகான் மக்கள் கிழமை பார்த்துப் பெயர் வைப்பார்கள். வெள்ளிக்கிழமைப் பையன் கோஃபி, திங்கட்கிழமைப் பையன் கோஜோ.

இந்தக் கிழமைப் பெயர்கள் கடலைத் தாண்டியும் பிழைத்தன. ஜமைக்காத் தோட்டக் கணக்குகளில் கஃபீ, கட்ஜோ என்று வரும். வெள்ளிக்கிழமைப் பெண் ஃபிபா, கொஞ்ச காலம் போனதும் ஆங்கிலப் பெயர் மாதிரி ஃபீபி ஆகிவிடுவாள். கணக்கெழுதினவருக்கு அது பைபிள் பெயர். அவளைப் பெற்றவளுக்கு அது கிழமை.

ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம். ஜமைக்காவிலேயே பிறந்த குழந்தைக்கும், அகான் அல்லாத குடும்பத்துக் குழந்தைக்கும் அதே பெயர்களை வைத்திருக்கிறார்கள். எனவே ஜமைக்காவில் 'கட்ஜோ' என்றால் கானாவில் பிறந்தவர் என்று எழுதினால் வைவாவில், அதாவது ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வேன்.

தழும்பு, முகக்கீறல் எல்லாம் எழுதியிருக்கிறதே?

இருக்கிறது. யோருபா ஊர்களில் கன்னத்துக் கீறலை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள் அந்தக் காலத்தில். எழுத்தருக்கு அது தெரியாது. 'இரு கன்னத்திலும் வெட்டு' என்று மட்டும் எழுதினால் எத்தனை, எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற விவரம் போய்விடுகிறது. எனக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர்களே சொன்னது எதுவும் பதிவாகவில்லையா?

பதிவாகியிருக்கிறது, கொஞ்சம். சிகிஸ்மண்ட் கோல்லே என்ற ஜெர்மன் மிஷனரி 1840களின் கடைசியில் ஃப்ரீடவுனுக்கு வந்தார். அந்த ஒரே நகரத்தில் உட்கார்ந்தபடியே, விடுதலை பெற்றவர்களை அழைத்துப் பேசி, 150க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 சொற்களைக் கேட்டு எழுதி 1854இல் வெளியிட்டார். பாதி மேற்கு ஆப்பிரிக்காவும் அந்த ஊரில் குவிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், எப்படிப் பிடிபட்டார், ஊரைவிட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று, அவர் மொழி பேசுபவர்கள் இங்கே எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொண்டார். தன் மொழியில் பேச ஆளே இல்லாமல் வருடக்கணக்காக இருந்தவர்களும் அதில் உண்டு. எதிரே பென்சிலோடு ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து 'தலை', 'வீடு', 'தண்ணீர்' என்று கேட்கிறார். விடுதலையானவர் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்கிறார்.

ஆனால் அவரவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போவதுண்டு. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஓலௌடா எக்வியானோ 1789இல் வெளியிட்ட தன் வரலாற்றில் இக்போ நாட்டில் பிறந்ததாக எழுதினார். 1759ஆம் ஆண்டு லண்டன் ஞானஸ்நானப் பதிவும் 1773ஆம் ஆண்டு கப்பல் பணியாளர் பட்டியலும் அமெரிக்காவின் கரோலினாவில் பிறந்ததாகச் சொல்கின்றன. வரலாற்றாசிரியர்கள் இன்னும் இரண்டு கட்சி. பதிவேட்டில் அப்படிச் சொல்ல அவருக்கோ, எழுதியவருக்கோ காரணம் இருந்திருக்கலாம் என்பது என் சாய்வு. அரசாங்கத் தாள் என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது; நம்மூர்ப் பள்ளிச் சான்றிதழில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி ஜூன் மாதம்.

இன்றைய அமெரிக்கக் குடும்பத்திலிருந்து பின்னோக்கிப் போனால்?

பெரும்பாலும் 1870இல் சுவர். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலையானவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமை அட்டவணைகளில் எசமான் பெயர் மேலே. கீழே வயது, பால், நிறம். பெயர் கிடையாது.

சுவரைத் தாண்டிய அபூர்வமான ஒருத்தி பிரிசில்லா. சியரா லியோன் ஆற்றில் உள்ள பன்ஸ் தீவிலிருந்து 1756இல் 'ஹேர்' என்ற கப்பல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் வந்தது. எலியாஸ் பால் என்ற நெல் தோட்டக்காரர் அதிலிருந்து நான்கு பையன்களையும் இரண்டு சிறுமிகளையும் வாங்கி, தான் வைத்த பெயரையும் மதிப்பாகப் போட்ட வயதையும் நோட்டில் எழுதினார். பிரிசில்லாவுக்குப் பத்து. அந்தக் குடும்பம் தோட்டக் கணக்குகளைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தியதாலும், கப்பலின் தாள்கள் வேறோர் ஆவணக்காப்பகத்தில் தப்பியதாலும் சங்கிலி அறுபடவில்லை. 2005இல் அவள் வழிவந்த ஒரு பெண் சியரா லியோனுக்கே போய் வந்தார்.

இவ்வளவு நல்ல சங்கிலியும் பன்ஸ் தீவில் வந்து நிற்கிறது. அவள் அம்மா அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எந்த நோட்டிலும் இல்லை.

டிஎன்ஏ சோதனை செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

உமிழ்நீர்க் குழாய் அனுப்பி வைக்கும் சோதனைகளைத்தானே கேட்கிறீர்கள்? பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். தாய்வழி, தந்தைவழிச் சோதனைகள் அதில் ஆளுக்கு ஒரே ஒரு வழியைத்தான் தொடுகின்றன. மொத்த மரபணுவைப் பார்க்கும் சோதனை ஒப்பிடுவது இன்று அங்கே வாழ்பவர்களோடு. இருநூறு ஆண்டுகளில் அவர்களும் இடம் பெயர்ந்திருக்கிறார்கள். தவிர, எந்த ஊர்க்காரர்களின் மாதிரி ஒப்பீட்டுப் பட்டியலில் இல்லையோ அந்த ஊர் முடிவில் வரவே வராது.

எலும்புகளில் செய்த ஆய்வுகள் இன்னும் சுவாரசியம். கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று பேரின் எலும்பு ஒரே இடத்தில் கிடைத்தது. 2015இல் வெளியான மரபணு முடிவுப்படி ஒருவர் வடக்கு கேமரூன் பக்கத்து மக்களோடு நெருக்கமானவர். மற்ற இருவர் கானா, நைஜீரியா பக்கம். பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்ட மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்திருக்க வாய்ப்பில்லை. 2023இல், தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் புதைக்கப்பட்ட, கப்பல்களிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 20 பேரைச் சோதித்ததில் காபோனுக்கும் வடக்கு அங்கோலாவுக்கும் இடைப்பட்ட பகுதி என்று வந்தது.

பல்லும் பேசும். எனாமல் சின்ன வயதிலேயே உருவாகி அப்படியே நின்றுவிடுவதால், குழந்தையாகக் குடித்த தண்ணீர், தின்ற உணவு வழியாக வந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் அதில் தங்கிவிடும்; அதன் தன்மை மண்ணுக்கு மண் மாறும். 1991இல் நியூயார்க் நகரின் நடுவே கட்டடம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட ஆப்பிரிக்கர் இடுகாட்டில் 419 பேரின் எலும்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். யார் ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர், யார் நியூயார்க்கிலேயே பிறந்தவர் என்று பிரிக்கப் பல்லின் வேதியியலும் உதவியது.

தாளும் இல்லை, எலும்பும் இல்லை என்றால்?

ஒரு பாட்டு வழி காட்டிய கதை இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர், ஜார்ஜியா கடற்கரையில் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண் பாடியதை ஒலிப்பதிவு செய்தார். ஐந்தாறு வரி. பாடியவருக்கே பொருள் தெரியாது, அம்மாவிடமிருந்து வந்தது. பின்னர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு சியரா லியோன் மாணவர் அதைக் கேட்டுவிட்டு "இது எங்கள் மெண்டே மொழி" என்றார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பேராசிரியர் தேடிக்கொண்டிருக்க, மாணவன் காதில் விழுந்தது.

1990 வாக்கில் மானுடவியலாளர் ஜோசப் ஒபாலா உள்ளிட்ட மூவர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு சியரா லியோனில் தேடினார்கள். ஒரு சொல் தென்பகுதி மெண்டே வழக்குக்கு உரியது என்பதால் தேடும் பரப்பு சுருங்கியது. செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் பெண்டு ஜாபாட்டி என்ற பெண் அதே பாட்டைப் பாடினார், பாட்டி சொல்லிக்கொடுத்தது என்று. அது இழவுப் பாட்டு. அந்த ஊர்ச் சடங்கை முன்னின்று நடத்துவது பெண்கள், அதனால் பெண்வழியாகவே வந்திருக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்தக் கிராமத்துக்கே போனார்.

ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றார்களாமே?

கேட்பவர்கள் பெரும்பாலும் இதோடு பேச்சை முடித்துக்கொள்ளத்தான் கேட்கிறார்கள். கோல்லேயிடம் பேசியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் போரில் பிடிபட்டவர். கிட்டத்தட்ட அதே அளவினர் கடத்தப்பட்டவர்கள். மற்றவர்களில் கடனுக்கும் தண்டனைக்கும் விற்கப்பட்டவர்கள் உண்டு, சொந்தக்காரர்களே விற்றவர்களும் உண்டு. விற்றவருக்கும் விற்கப்பட்டவருக்கும் 'நாம் இருவரும் ஆப்பிரிக்கர்' என்ற எண்ணமே அன்று கிடையாது.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு, பெருமைப்பட முடியாதவையும் சேர்த்து. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி ஐரோப்பாவழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆட்களை வாங்கப் பயன்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அன்று கினி என்று பெயர்; வியாபாரிகள் அந்தத் துணிக்குக் கினித் துணி என்றே பெயர் வைத்தார்கள். நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொரு பக்கம், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காடு, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் அடிபட்டவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் வரை போனவர்களும் உண்டு. கேப் ஆவணங்களில் அவர்கள் பெயருக்குப் பின்னால் 'கோரமண்டலைச் சேர்ந்த' என்று மட்டும் இருக்கும். தஞ்சாவூரா, காளஹஸ்தியா, யாருக்குத் தெரியும்? மினா, காங்கோ கதைதான். பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா எல்லாம் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உறைக்கும்.

இலங்கையில் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியவில் வாழும் காப்பிரியர் போர்த்துகீசியர் காலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழியினர். மான்ஜா என்ற அவர்களுடைய பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. காப்பிரி என்பதும் அவர்களாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. அரபியிலிருந்து போர்த்துகீசியர் எடுத்தது.

நானும் இதில் இறங்கலாம் என்று நினைக்கிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஆங்கிலம் மட்டும் போதாது; போர்த்துகீசியம் கொஞ்சமாவது படிக்க வரவேண்டும், பிரேசில் இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஒரு மேற்கு ஆப்பிரிக்க மொழியையாவது காதால் பழகுங்கள். பழைய கையெழுத்தைப் படிக்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். அதில் 'n' எழுத்தும் 'u' எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும், பாதிப் பெயர்கள் அங்கேதான் கெடுகின்றன.

அப்புறம் ஒன்று. முதல் மாதம் நான் எக்செல்லில் பெயர்களை ஏற்றும்போதே, எழுத்துப் பிழை என்று தோன்றியதையெல்லாம் திருத்திக்கொண்டே போனேன். ஒரே பெயர் நாலு விதமாக இருந்தால் நாலையும் ஒன்றாக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது மாதம்தான் உறைத்தது, அவற்றில் சில பிழையே இல்லை, வேறு வேறு பெயர்கள் என்று. பதிவேட்டுப் படங்களை மறுபடி திறந்து முதல் வரியிலிருந்து ஏற்றினேன். இப்போது என் கோப்பில் முதல் நெடுவரிசை பூட்டியிருக்கிறது. எழுத்தர் எழுதினது எழுதினபடி. என் ஊகமெல்லாம் பக்கத்து நெடுவரிசையில், கேள்விக்குறியோடு.